வேரைப் பார்த்தவர்கள்

பல்லை நகர்த்தும் தொழில் பழையது. நகர்ந்த பல்லின் வேருக்கு என்ன ஆனது என்று திரும்பிப் பார்க்கும் வழக்கம் வந்து நூறு ஆண்டுதான் ஆகிறது. அந்த நூறாண்டுக் கதையை இங்கே சொல்ல விரும்புகிறேன். நான் திருச்சியில் பல் சீரமைப்பு மருத்துவராக இருக்கிறேன். ஊர் வழக்கில் சொன்னால், பல்லுக்கு கிளிப் போடும் டாக்டர். முதுநிலை மாணவர்களுக்குப் பாடமும் எடுத்திருக்கிறேன்.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாக்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். "எவ்வளவு நாள் ஆகும் மேடம்?" "ரொம்ப வலிக்குமா?" "நல்ல பல்லப் புடுங்கித்தான் ஆகணுமா?" பெரிய பெண்ணாக இருந்தால், "கல்யாணத்துக்குள்ள முடிஞ்சிருமா?" எல்லாம் நியாயமான கேள்விகள். "வேருக்கு ஏதாவது ஆகுமா?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஈறுக்குள் இருப்பதைப் பற்றி யாருக்குக் கேட்கத் தோன்றும்? கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. அது கடமையானது எப்படி என்பதுதான் இந்த வரலாறு.

முதலில் விஷயம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மேல் முன்பல்லின் வேர் சுமார் 13 மில்லிமீட்டர் நீளம். அந்த வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு நார்ப்படலம் இருக்கிறது. கம்பி பல்லைத் தள்ளும்போது அந்தப் படலம் ஒரு பக்கம் நசுங்கும், எதிர்ப்பக்கம் இழுபடும். நசுங்கிய பக்கத்தில் எலும்பு கரையும், இழுபட்ட பக்கத்தில் புது எலும்பு படியும். பல் நகர்வது இப்படித்தான். ஆனால் எலும்பு மட்டும் கரைய வேண்டிய இடத்தில் சில சமயம் வேரும் கரைந்துவிடுகிறது. பெரும்பாலோருக்கு நுனியில் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் குறையும். அதனால் ஆயுளுக்கும் ஒரு தொல்லையும் வராது. நூற்றில் சிலருக்குத்தான் வேரில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ போய்விடுகிறது. வலி கிடையாது, வீக்கம் கிடையாது. கண்ணாடியில் பார்த்தால் பல் வரிசையாக, அழகாக இருக்கும். எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும்.

வேரைக் கரைப்பது உடலுக்குப் புதிய வேலையும் அல்ல. பால்பல் விழுவதே வேர் கரைந்துதான். ஆறு ஏழு வயதில் ஆடி ஆடி விழும் பல்லை எடுத்துப் பாருங்கள், அடியில் வேர் இருக்காது. நிரந்தரப் பல்லின் வேரை மட்டும் உடல் இப்படிக் கரைக்காமல் காத்து வைக்கிறது. அந்தக் காவல் எப்போது தவறுகிறது, ஏன் தவறுகிறது என்பதுதான் எங்கள் துறை நூறு ஆண்டாகக் கேட்டுவரும் கேள்வி.

எக்ஸ்ரே வருவதற்கு முன்பே பல்லை நகர்த்துவதில் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். பாரிஸில் பியேர் ஃபோஷார் 1728இல் வெளியிட்ட நூலில், வளைந்த தகடு ஒன்றில் பற்களை நூலால் கட்டி வரிசைப்படுத்தும் முறை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நியூயார்க்கின் ஜான் நட்டிங் ஃபாரர் திருகாணி வைத்த கருவிகளால் பல்லை நகர்த்தினார். காலையில் ஓர் அங்குலத்தில் 240இல் ஒரு பங்கு, மாலையில் அதே அளவு, அதற்கு மேல் திருகக் கூடாது என்பது அவர் வகுத்த விதி. அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லாத காலத்திலேயே, திசுக்கள் தாங்கும் அளவு ஒன்று உண்டு என்று அவருக்குப் பட்டிருக்கிறது. அந்த நிதானத்துக்காகவே ஃபாரர் மீது எனக்கு மரியாதை உண்டு.

நிரந்தரப் பற்களின் வேர் கரைவதைப் பற்றி 1856இலேயே இங்கிலாந்தின் பல் மருத்துவ இதழ் ஒன்றில் பேட்ஸ் என்பவர் எழுதியிருக்கிறார். ஆனால் அன்றைக்கு ஒரு வேரை முழுதாகப் பார்க்க ஒரே வழி, பல்லைப் பிடுங்குவதுதான். நன்றாக வரிசையான பல்லை யார் பிடுங்கிப் பார்ப்பார்கள்? அதனால் சிகிச்சை முடித்துச் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களின் வேர்கள் எப்படி இருந்தன என்பது யாருக்கும் தெரியாமலே போனது.

1895 நவம்பரில் ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டார். அடுத்த சில வாரங்களிலேயே, 1896 ஜனவரியில், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஓட்டோ வால்கோஃப் தன் வாய்க்குள்ளேயே கண்ணாடித் தகடு வைத்துப் பல்லைப் படம் எடுத்தார். அதற்காக 25 நிமிடம் அசையாமல் இருந்தார். அதே ஆண்டு அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் எட்மண்ட் கெல்ஸ் நோயாளிகளின் பற்களைப் படம் பிடிக்கத் தொடங்கினார். கதிரின் தீங்கு தெரியாத காலம். குழாய் சரியாக இயங்குகிறதா என்று பார்க்க, அவர் தன் கையையே அதன் முன் வைத்துச் சோதிப்பார். புற்று வந்து விரல்கள் போயின, பிறகு கையே போயிற்று. 1928இல் இறந்தார். இன்று எங்கள் கிளினிக்கில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் எடுக்கும் சின்னப் படத்துக்குப் பின்னால் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். 1913இல் வில்லியம் கூலிட்ஜ் நம்பகமான குழாயை உருவாக்கிய பிறகு, பல் மருத்துவர்களின் அறைகளுக்குள் எக்ஸ்ரே பரவலாக நுழைந்தது.

1914இல் முதல் எச்சரிக்கை வந்தது. எழுதியவர் நியூயார்க்கின் ராட்ரிகஸ் ஒட்டலெங்கி. இவர் பல் மருத்துவர், நீண்ட காலம் ஒரு பல் மருத்துவ இதழின் ஆசிரியர், அதோடு 1890களில் துப்பறியும் நாவல்கள் எழுதி வெளியிட்டவர். வேர் சிகிச்சையில் எக்ஸ்ரேயை ஆர்வத்தோடு பயன்படுத்திய முன்னோடிகளில் ஒருவர். வேர் இயல்பாகக் கரைவது ஒன்று, நோயாகக் கரைவது வேறொன்று என்று பிரித்து எழுதிய அவர், பல் சீரமைப்புக்கும் வேர் கரைதலுக்கும் தொடர்பு இருக்கிறது என்று வெளிப்படையாகச் சுட்டினார். எழுதிய காலத்தில் அது பெரிய அலையை எழுப்பவில்லை. சில பேருக்கு நேர்ந்ததைக் காட்டினால், அவர்கள் விதிவிலக்கு என்று சொல்லிவிடலாம். எத்தனை பேருக்கு நேர்கிறது என்று யாராவது எண்ணிக் காட்ட வேண்டியிருந்தது.

எண்ணிக் காட்டியவர் ஆல்பர்ட் கெட்சம். கொலராடோ மாநிலம் டென்வர் நகரத்துக்காரர். 1870இல் பிறந்தவர். அமெரிக்காவில் பல் சீரமைப்பைத் தனித்துறையாக்கிய எட்வர்ட் ஆங்கிளின் பள்ளியில் பயின்றவர். அவருடைய அறிவுக்கு மேலாக, அவர் கடைப்பிடித்த ஒழுங்குதான் என்னைக் கவர்கிறது. சிகிச்சைக்கு முன் படம், சிகிச்சைக்குப் பின் படம், இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பல்லாக ஒப்பிடுவது. அது இன்றைக்குச் சாதாரணமாகத் தெரியும். 1920களில் அது அப்படி இல்லை. படம் எடுப்பதே செலவு. முடிந்த சிகிச்சையை மறுபடி எக்ஸ்ரேயில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று யாரும் வற்புறுத்தவும் இல்லை.

கெட்சம் 1927இல் முதல் அறிக்கையையும் 1929இல் அடுத்த அறிக்கையையும் வெளியிட்டார். சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வேர் நுனி கரைந்திருந்தது. சிகிச்சை பெறாதவர்களிடம் அது நூற்றில் ஒருவர் அளவுக்குத்தான் இருந்தது. இதைச் சொன்னவர் எங்கள் துறைக்கு வெளியே இருந்து குறை சொன்னவர் அல்ல. அந்த ஆண்டுகளில் அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கத்தின் தலைமைக்கு உயர்ந்தவர். தன் தொழிலின் பெருமையைக் கட்டிக் காக்கும் பொறுப்பில் இருந்த ஒருவர், அதே தொழில் செய்யும் தீங்கைக் கணக்கோடு சபையில் வைத்தார்.

அதே 1929இல், அவருடைய முயற்சியில், கொலராடோவின் எஸ்டெஸ் பார்க்கில் கூடிய மாநாட்டில் அமெரிக்கப் பல் சீரமைப்பு வாரியம் பிறந்தது. பல் மருத்துவத்தின் சிறப்புத் துறைகளில் இப்படித் தகுதிச் சான்று வழங்க ஏற்பட்ட முதல் அமைப்பு அது. கெட்சம்தான் அதன் முதல் தலைவர். அந்த வாரியத்தின் சான்று வேண்டுமென்றால், தான் செய்து முடித்த சிகிச்சைகளின் படங்களையும் அச்சுகளையும் தேர்வாளர்கள் முன் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்ற முறை நீண்ட காலம் இருந்தது. படித்ததை ஒப்பிப்பது போதாது, செய்ததைக் காட்ட வேண்டும். வேர் அறிக்கையும் வாரியமும் ஒரே மனிதரிடமிருந்து ஒரே ஆண்டில் வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: செய்த வேலையைத் திறந்து காட்டாதவன் தேர்ந்தவன் ஆக மாட்டான். 1935இல் கெட்சம் இறந்தார். எங்கள் துறையின் மிக உயர்ந்த கௌரவங்களில் ஒன்று இன்றும் அவர் பெயரில்தான் வழங்கப்படுகிறது.

கெட்சம் கேள்வியைத் தெளிவாக வைத்தார். பதில்தான் உடனே தெளியவில்லை. ஒரே மாதிரிக் கருவி போட்ட இருவரில் ஒருவருக்கு வேர் கரைந்தது, இன்னொருவருக்குக் கரையவில்லை. ஏன்? கருவியைச் சந்தேகித்த கெட்சம், நோயாளியின் உடல்நலத்தையும் உணவையும் சேர்த்தே சந்தேகித்தார். 1930களில் கலிஃபோர்னியாவின் ஹெர்மன் பெக்ஸ் இந்த வழியில் இன்னும் தூரம் போனார். தைராய்டு போன்ற சுரப்பிகளின் குறைபாடுதான் பலருக்கு வேர் கரையக் காரணம் என்று அவர் எழுதினார். உடலின் தன்மைக்குப் பங்கு உண்டு என்பது பிற்காலத்தில் உறுதியான உண்மைதான். ஆனால் நோயாளியின் உடலில் காரணம் தேடும்போது மருத்துவரின் கை கவனத்திலிருந்து நழுவிவிடும். இந்த ஆபத்து அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

கையைக் கவனித்தவர்கள் ஐரோப்பாவில் இருந்தார்கள். சுவீடனில் கார்ல் சாண்ட்ஸ்டெட் 1904, 1905ஆம் ஆண்டுகளில் வெளியான கட்டுரைகளில், நாயின் பற்களை நகர்த்தி, தாடையை மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் கண்டதை விவரித்திருந்தார். விசை அதிகமானால் நசுங்கிய இடத்தில் படலம் உயிரற்றுக் கண்ணாடி போல ஆகிவிடுவதை முதலில் கண்டவர் அவர். வியன்னாவில் ஆல்பின் ஓப்பன்ஹைம் 1911இல் குரங்குகளிடம் இதை ஆராய்ந்தார். மென்மையான விசையையே வாழ்நாள் முழுக்க வலியுறுத்தினார். அதே வியன்னாவின் ஏ. எம். ஷ்வார்ட்ஸ் 1932இல் ஓர் எண்ணையே கொடுத்தார். வேரின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம் விசை. நுண்ணிய ரத்தக் குழாய்களுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய அவ்வளவுதான், அதைத் தாண்டினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும், நின்றால் தீங்கு தொடங்கும் என்பது அவர் வாதம். வேரின் எல்லாப் பகுதியிலும் விசை சமமாகப் பரவுவதில்லை என்பதால் அந்த எண்ணை அப்படியே கடைப்பிடிப்பது கடினம். ஆனால் "பல் நகர்கிறதா?" என்ற ஒரே கேள்வியோடு நின்றிருந்த தொழிலுக்கு, "ரத்தம் ஓடுகிறதா?" என்ற இரண்டாவது கேள்வி கிடைத்தது.

இந்த ஆண்டுகளில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கெட்சத்தின் இரண்டு அறிக்கைகளுக்கும் நடுவே, 1928இல், ஆங்கிள் தன் கடைசிக் கருவியை விவரித்து எழுதினார். பல்லில் கம்பியைப் பிடித்து வைக்கும் பிராக்கெட்டின் செவ்வகப் பள்ளத்தில் செவ்வகக் கம்பியைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிற்க வைக்கும் முறை அது. அதுவரை பல்லைச் சாய்ப்பது எளிது, வேரை நகர்த்துவது அரிது. செவ்வகக் கம்பியை முறுக்கி வைத்தால் வேரின் நுனியையே எலும்புக்குள் திருப்ப முடிந்தது. இன்று உலகம் முழுக்கப் பல்லில் ஒட்டப்படும் பிராக்கெட்டுகளில் பெரும்பாலானவை அதன் வழிவந்தவை. சிகிச்சையின் தரத்தை அது உயர்த்தியது, சந்தேகமில்லை. ஆனால் வேர் பாதிக்கப்படுகிறது என்ற கணக்கு வந்த அதே நேரத்தில், வேரை நேரடியாகப் பிடித்துத் திருப்பும் ஆற்றலும் எங்கள் கைக்கு வந்தது. ஆற்றல் வேகமாகப் பரவியது. திரும்பிப் பார்க்கும் வழக்கம் மெதுவாகத்தான் பரவியது.

1950களில் கதை சிக்கலானது. 1951இல் ஹென்றியும் வைன்மனும், சிகிச்சை ஏதும் பெறாதவர்களின் 261 பற்களை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பத்தில் ஒன்பது பற்களின் வேரில் எங்காவது சின்னக் குழி இருந்தது. ஆனால் பெரும்பாலான குழிகளில், வேரின் மேல்பூச்சான சிமெண்டம் மறுபடி படிந்து ஆறிய தடமும் இருந்தது. 1954இல் இல்லினாய்ஸில் மாஸ்லரும் மலோனும் சிகிச்சை பெறாத 708 பேரின் எக்ஸ்ரேக்களைக் கூர்ந்து பார்த்து, 86.4 சதவீதப் பற்களில் வேர் கரைந்த அடையாளம் ஏதாவது இருக்கிறது என்றார்கள். கெட்சம் சொன்ன நூற்றில் ஒன்று எங்கே, இது எங்கே? பார்வை கூரானால் எண் மாறும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் இழப்பை எண்ணினார் கெட்சம். இவர்கள் மிக நுண்ணிய அடையாளத்தையும் சேர்த்து எண்ணினார்கள்.

இந்த ஆய்வுகளை மாணவர்களுக்குச் சொல்லும்போது ஒன்றை அழுத்திச் சொல்வேன். "எல்லார் வேரிலும் கொஞ்சம் கரையத்தான் செய்யும்" என்று சொல்லி இதைத் தள்ளிவிடாதீர்கள். வேர் கரைவதும் ஆறுவதும் உடலில் ஓயாமல் நடக்கிறது. கம்பியின் விசை அந்தச் சமநிலையைக் குலைக்கிறது. ஆறுவதற்கு நேரம் தராமல் மேலும் மேலும் தள்ளினால் குழிகள் ஒன்றுசேர்ந்து நுனியே போய்விடும். போன நுனி திரும்ப வளராது.

நேரம் தர வேண்டும் என்பதை உயிருள்ள மனிதத் திசுவில் காட்டியவர் நார்வேயின் கோரே ரைட்டான். எப்படியும் பிடுங்க வேண்டியிருந்த முன்கடைவாய்ப் பற்களை, சில நாட்களோ சில வாரங்களோ அளந்த விசையில் நகர்த்தி, பிறகு பிடுங்கி, நுண்ணோக்கியில் பார்த்தார். 1951இல் வெளியான அவருடைய ஆய்வேடும் அதற்குப் பின் எழுதியவையும்தான் இன்றைய பாடத்தின் அடித்தளம். அதே நாட்டின் பெர் ரிக் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இன்னும் உள்ளே போனார். 1990களில் அவரும் பொங்ஸ்ரீ ப்ருட்விக்கும் எலி, சுண்டெலிகளிடம் செய்த ஆய்வுகள் காரணத்தையே கண்முன் கொண்டுவந்தன.

அவர்கள் கண்டது இது. அதிக விசையில் படலத்தின் ஒரு பகுதி செத்துப்போகிறது. செத்த திசுவை அகற்ற உடல் துப்புரவுச் செல்களை அனுப்புகிறது. முதலில் ஒற்றைக்கரு கொண்ட சிறிய செல்கள் ஓரத்திலிருந்து வேலையைத் தொடங்குகின்றன, பிறகு பல கரு கொண்ட பெரிய செல்கள் வருகின்றன. செத்த திசு வேரை ஒட்டியே கிடக்கிறது. இடிந்த சுவரின் குப்பையை அள்ள வந்தவர்கள் பக்கத்துச் சுவரின் பூச்சையும் பெயர்த்துவிடுவது போல, அந்தச் செல்கள் வேரின் மேல்படலத்தையும் சேர்த்துச் சுரண்டிவிடுகின்றன. பூச்சு போன இடத்தில் வேர் திறந்து கிடக்கிறது, கரைதல் தொடங்குகிறது. விசையை நிறுத்தினால் செல்கள் கலைந்து போகும், சிமெண்டம் மறுபடி படியும். விசையை நிறுத்துவது மருத்துவரின் கையில் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் தலைமுறை இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அங்கிருந்து போய் ஆங்கிளிடம் படித்துத் திரும்பிய ரேமண்ட் பெக், உலோகவியலாளர் ஆர்தர் வில்காக் உருவாக்கிக் கொடுத்த மெல்லிய உருண்டைக் கம்பியை வைத்து, 1950களில் மென்விசை முறை ஒன்றை வகுத்தார். இந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகளில் பல ஆண்டுகள் அந்த முறைதான் கோலோச்சியது. நாங்களும் கம்பி வளைக்கப் பழகியது அதில்தான். மூன்று கட்டங்கள் கொண்டது அது. முதல் இரண்டில் பற்கள் சாய்ந்து சாய்ந்து வேகமாக நகரும். சாய்ந்த வேர்களையெல்லாம் நிமிர்த்துவது மூன்றாம் கட்டம். மென்விசை என்ற பெயரே வேருக்குக் காப்பு என்ற நம்பிக்கையைத் தந்தது. ஆனால் 1975இல் கோல்ட்சனும் ஹென்ரிக்சனும் பெக் முறையில் சிகிச்சை பெற்றவர்களைத் தொடர்ந்து படம் எடுத்து, வேர் கரைதல் இங்கேயும் நடக்கிறது என்று காட்டினார்கள். நுனியை எலும்புக்குள் நெடுந்தூரம் இழுத்தால், கம்பி எத்தனை மெல்லியதாக இருந்தாலும் வேருக்குச் சுமைதான். 1970களில் ஐயோவாவின் ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் கொண்டுவந்த நிக்கல் டைட்டானியம் கம்பிக்கும், இன்றைய கம்பியில்லாத அலைனர்களுக்கும் இதே உண்மை பொருந்தும். வேரைக் கரைக்கவே கரைக்காத கருவி இன்றுவரை வரவில்லை.

கருவியால் தீராததைக் கவனத்தால் குறைக்கலாம் என்று காட்டியது சுவீடன். ஈவா லெவாண்டரும் ஓலே மால்ம்கிரனும் 1988இல் வேரின் நிலையைப் படத்தில் பார்த்துத் தரம் பிரிக்கும் அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். சிகிச்சை தொடங்கி ஆறு முதல் ஒன்பது மாதத்தில் வேர் நுனியில் சிறிய மாற்றம் தெரிபவர்களுக்குத்தான் கடைசியில் பெரிய இழப்பு வரும் வாய்ப்பு அதிகம் என்பது அவர்கள் கண்டது. ஆக, ஆறாம் மாதத்தில் ஒரு படம் எடுத்தால் ஆபத்தில் இருப்பவரை அப்போதே அடையாளம் காணலாம். 1994இல் அவர்கள் இன்னொரு படி மேலே போனார்கள். ஆறாம் மாதப் படத்தில் வேர் கரைந்தது தெரிந்த 40 பேரில், ஒரு பகுதியினருக்கு சிகிச்சை திட்டமிட்டபடியே தொடர்ந்தது. மற்றவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் விசையை நிறுத்தி ஓய்வு கொடுத்தார்கள். ஓய்வு பெற்றவர்களின் வேர் குறைவாகவே கரைந்தது. எந்தப் புதுக் கருவியும் இல்லை, மருந்தும் இல்லை. ஒரு படம், கொஞ்சம் பொறுமை. இந்த நூறாண்டு வரலாற்றில் நோயாளிக்கு நேரடியாகப் பயன்பட்ட கண்டுபிடிப்பு எது என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

உடலின் தன்மை பற்றிய பழைய சந்தேகத்துக்கும் பதில் வந்தது. 1997இல் எட்வர்ட் ஹாரிஸ் குழுவினர் சிகிச்சை பெற்ற உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டு, மேல் முன்பற்களின் வேர் கரைவதில் பரம்பரையின் பங்கு ஏறத்தாழ 70 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். 2003இல் இண்டியானாவிலிருந்து வந்த ஆய்வு, அழற்சியோடு தொடர்புள்ள ஒரு குறிப்பிட்ட மரபணு வேறுபாட்டைச் சுட்டியது. அதனால்தான், அக்காவுக்கு முன்பு சிகிச்சை நடந்திருந்தால், தங்கை வரும்போது அக்காவின் படத்தையும் கேட்டு வாங்கிப் பார்க்கிறேன். அடிபட்ட பல்லா, வேர் நுனி கூர்ந்து வளைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சிகிச்சை நீண்டால் ஆபத்தும் கூடும், வேரை நகர்த்தும் தூரம் கூடினாலும் ஆபத்து கூடும். பரம்பரையை நம்மால் மாற்ற முடியாது. விசையையும் காலத்தையும் தூரத்தையும் மாற்ற முடியும். அதனால் என் பொறுப்பு அந்த மூன்றிலும் இருக்கிறது.

பயந்து போகும் பெற்றோருக்குச் சொல்ல நல்ல செய்தியும் இந்த வரலாற்றில் உண்டு. 1989இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர், வேர் கரைந்த 100 பேரை, சிகிச்சை முடிந்து சராசரியாக 14 ஆண்டுகள் கழித்து அழைத்துப் பார்த்தார்கள். கம்பியைக் கழற்றியதும் கரைதல் நின்றுவிட்டிருந்தது. சொரசொரப்பான நுனிகள் மழுங்கி வழவழப்பாகியிருந்தன. மிக மோசமாகக் கரைந்த ஓரிருவருக்கே பல் ஆட்டம் இருந்தது. 1986இல் கால்க்வார்ஃப் குழுவினர் கணக்கிட்டது இன்னொரு ஆறுதல். வேர் நுனியில் 3 மில்லிமீட்டர் போவதும், ஈறு நோயால் மேலே எலும்பு 1 மில்லிமீட்டர் போவதும் பல்லின் பிடிப்புக்கு ஏறத்தாழ சமமான இழப்பு. வேர் கூம்பாகக் குறுகுவதால், நுனியைவிடக் கழுத்துப் பக்கத்தில்தான் பிடிப்பு அதிகம். குறுகிய வேரோடும் பல் ஆயுள் முழுக்க இருக்கும், ஈறைச் சுத்தமாக வைத்திருந்தால். வேர் குறைந்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது பல் தேய்க்கும் முறையைத்தான்.

இவ்வளவும் தெரிந்த பிறகு நம் ஊரில் என்ன செய்ய வேண்டும்? பல் வரிசை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கிறது. தொடக்கத்தில் அது தேவை. ஆனால் முன்பற்களின் நுனியை ஓபிஜி தெளிவாகக் காட்டாது, வேர் இழப்பை உள்ளதைவிட மிகைப்படுத்தியும் காட்டக்கூடும். மேல் முன்பற்களுக்கு வாய்க்குள் வைத்து எடுக்கும் சின்ன ஐஓபிஏ படமே நம்பகமானது. சிகிச்சைக்கு முன் ஒன்று, ஆறு முதல் ஒன்பது மாதத்துக்குள் ஒன்று. மாற்றம் தெரிந்தால் ஓய்வு. ஓய்வுக்குப் பின்னும் கரைந்தால், எவ்வளவு தூரம் போகலாம் என்று நோயாளியோடு உட்கார்ந்து பேசி, தேவைப்பட்டால் முன்கூட்டியே முடித்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் கோணலாக நின்றாலும் பல் பல்லாக இருக்கட்டும் என்று முடிவெடுக்கும் துணிவு மருத்துவருக்கு வேண்டும்.

பெற்றோரும் கேட்க வேண்டும். "ஆறு மாசம் கழிச்சு வேரைப் பார்க்கப் படம் எடுப்பீங்களா?" என்று தொடக்க நாளிலேயே கேளுங்கள். எந்த நல்ல மருத்துவரும் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். படிப்புக்காகவோ வேலைக்காகவோ பிள்ளை வேறு ஊருக்குப் போனால், பழைய படங்களைக் கையோடு வாங்கிக்கொண்டு போங்கள். முன் படம் இல்லாமல் பின் படத்துக்குப் பொருள் இல்லை.

என் சக மருத்துவர்களிடமும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டின் ஒவ்வொரு பல் மருத்துவக் கல்லூரியின் அலமாரியிலும் கணினியிலும் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் குவிந்திருக்கின்றன. நம் பிள்ளைகளின் வேர், நம் கைகளில், எவ்வளவு கரைகிறது என்பதை அந்தப் படங்களை வரிசையாக வைத்து, யாரையும் விடாமல் எண்ணி, கல்லூரியின் பெயரோடு ஒவ்வோர் ஆண்டும் வெளியிடுவோம். எண் சிறியதாக வந்தால் பெற்றோருக்கு நிம்மதி. பெரியதாக வந்தால் எங்கே விசையைக் குறைக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். டென்வரில் ஒருவர் 1927இல் தனி ஆளாகத் தொடங்கியதை, இத்தனை கல்லூரிகள் சேர்ந்து செய்ய நம்மால் நிச்சயம் முடியும்.